இரண்டாம் தவணைக்கு முன்னால்: சித்தூர் தாலுகாவில் 11 வீடுகள், 2020–2022

பின்னணி

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு விளிம்பில், பொள்ளாச்சிச் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தமிழ்க் குடியிருப்பு. ரேஷன் கார்டு மலையாளத்தில் இருக்கும், வீட்டுப் பேச்சு கொங்குத் தமிழில் இருக்கும். ஆண்களுக்குத் தென்னந்தோப்பு வேலை, கள் இறக்கும் தோப்புகளில் கூலி, எல்லைக்கு அப்பால் நார் மில். பெண்களுக்குக் காட்டு வேலை, அது இல்லாத நாளில் தொழிலுறப்பு, அதாவது தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை என்று சொல்வது.

கேரள அரசின் இலவச வீட்டுத் திட்டமான லைஃப் மிஷன் 2016-இல் தொடங்கியது. மனை உள்ள, வீடில்லாத குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். இந்தப் பணத்தில் பெரும்பகுதி, மத்திய அரசின் வீட்டுவசதிக் கடன் நிறுவனமான ஹட்கோவிடம் வாங்கிய கடன். அசலை உள்ளாட்சிகள் தங்கள் திட்ட நிதியிலிருந்தும் வட்டியை மாநில அரசும் கட்டுவதாக ஏற்பாடு. இந்தக் குடியிருப்பில் 11 குடும்பங்கள் பட்டியலில் இருந்தும், மனைப் பட்டாச் சிக்கலால் 2020 ஜனவரியில்தான் பஞ்சாயத்துடன் ஒப்பந்தம் எழுதின. பிப்ரவரி 29 அன்று மாநிலத்தில் 2 லட்சம் வீடுகள் முடிந்துவிட்டதாக அரசு அறிவித்தபோது, இங்கே குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

நான் கூட்டுறவு வங்கி ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். குடும்பஸ்ரீ என்பது கேரள அரசின் மகளிர் சுயஉதவி அமைப்பு, அதன் ஊர்க்குழுதான் அயல்கூட்டம். அந்த அயல்கூட்டத்துப் பெண்கள் கணக்கு எழுதக் கூப்பிட்டார்கள், போனேன். அந்த நோட்டுப் புத்தகத்தை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தொகைகள் எல்லாம் அந்த 11 வீடுகளின் பில்லிலிருந்து எடுத்தவை.

2020 மார்ச்: வேலை நின்ற இடம்

மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தது. அன்றைக்கு 4 வீடுகளில் மண்ணுக்கு அடியில் கல் கட்டியிருந்தது. 5 வீடுகளில் குழி மட்டும். 2 வீடுகளில் மனையைச் சுத்தம் செய்ததோடு சரி.

மேஸ்திரி பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். சோதனைச்சாவடியில் பாஸ் இல்லாமல் யாரும் வர முடியாது என்றானதும் அவரும் அவருடைய 6 ஆட்களும் அந்தப் பக்கமே நின்றுவிட்டார்கள். செங்கல்லும் அங்கிருந்துதான் வர வேண்டும். நார் மில் மூடியது. கள்ளுக்கடைகள் மூடியதால் தோப்புக் கூலியும் போனது.

பொருளும் ஆளும் ஜூன் மாதத்தில் மெல்ல வர ஆரம்பித்தன. ஆனாலும் ஒரு வீடுகூட நகரவில்லை. அங்கேதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பித்தது.

கணக்கு எழுதியபோது தெரிந்தது

4 லட்சம் நான்கு தவணையாக வரும். ஒப்பந்தம் எழுதியதும் 40,000. அடித்தளம் முடிந்ததும் 1,60,000. லிண்டல் மட்டம், அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டம் வரை சுவர் வந்ததும் 1,60,000. வீடு முடிந்ததும் மீதி 40,000.

கேரளத்தில் கரிசல் மண் என்றால் சித்தூர் தாலுகாதான். ஏப்ரல், மே மாதங்களில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் ஊதும். சாதாரணக் குழியில் கல்லை அடுக்கினால் இரண்டே வருஷத்தில் சுவரில் படிக்கட்டு மாதிரி விரிசல் ஓடும். 4 அடி தோண்டி, கரிசலை அள்ளி வெளியே போட்டு, கிராவல் மண் நிரப்பிக் கெட்டித்து, கல் கட்டி, மேலே கம்பி வைத்த கான்கிரீட் பெல்ட் ஓட்ட வேண்டும். 400 சதுர அடி வீட்டுக்கு இந்த வேலை மட்டும் 95,000 ரூபாய் வந்தது. சுவர் லிண்டல் வரை 1,25,000. மேல் கான்கிரீட் 1,35,000. பூச்சு, கதவு, தரை, கழிப்பறை, ஒயரிங் எல்லாம் சேர்த்து 1,65,000. மொத்தம் 5,20,000.

கடைசியில் 1,20,000 துண்டு விழுகிறது என்பதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். வீட்டுக்காரர்களே வேலை செய்து எடுத்துக்கொள்ளும் 90 நாள் தொழிலுறப்புக் கூலி, அன்றைய 291 ரூபாய் கணக்கில், 26,190. அதைக் கழித்தால் சுமார் 94,000. இந்தத் துண்டைப் பற்றித்தான் எல்லாக் கூட்டத்திலும் பேச்சு. யாரும் பேசாத இன்னொரு துண்டு ஆரம்பத்திலேயே இருந்தது. கையில் 40,000, அடித்தளத்துக்கு 95,000. அடுத்த தவணை வர வேண்டுமானால் 55,000 ரூபாயை யாராவது முன்னால் போட்டாக வேண்டும்.

ஒரு பெண் கூட்டத்தில் இதைத்தான் கேட்டார்: “ஏனுங்க சார், வேலை முடிஞ்சாத்தான் பணம்ங்கறாங்க. பணம் இருந்தாத்தானுங்க வேலை முடியும்? முதல்ல யாருங்க போடறது?”

நல்ல காலத்தில் இந்த 55,000-ஐ ஹார்டுவேர் கடைக்காரர் போடுவார். சிமென்ட்டும் கம்பியும் கடனுக்கு இறங்கும், தவணை வந்ததும் தீர்ப்பார்கள். மேஸ்திரி இரண்டு வாரச் சம்பளத்தைப் பொறுத்துக்கொள்வார். எந்த அரசாணையிலும் எழுதாத இந்தக் கடன்தான் ஏழைகளின் வீட்டுக் கட்டுமானத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. மந்தம் வந்ததும் முதலில் நின்றதும் இதுதான். கடைக்காரருக்கு மொத்த வியாபாரி கடன் தரவில்லை. மேஸ்திரி வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும்.

ரிசர்வ் வங்கி, தான் வங்கிகளுக்குக் கொடுக்கும் கடனுக்கான ரெப்போ வட்டியை 2020 மார்ச்சில் 5.15-இலிருந்து 4.40 சதவீதமாகவும், மே மாதம் 4 சதவீதமாகவும் குறைத்தது. வீட்டுக்கடனுக்கு 6.5 சதவீத வட்டி மானியமும் அப்போது நடைமுறையில் இருந்தது. இரண்டும் நல்ல ஏற்பாடுகள். ஆனால் வங்கிக் கடனுக்குள் நுழைந்தவர்களுக்குத்தான் அவை எட்டும். எங்கள் 11 பேரில் ஒருவர் வங்கிக்குப் போய்ப் பார்த்தார். சம்பளச் சீட்டு கேட்டார்கள். தோப்புக் கூலிக்கு ஏது சீட்டு?

தறையும் தரையும்

பணத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு காரணமும் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஜூலை வரை ஆனது.

ஒப்பந்தம் மலையாளத்தில். இரண்டாம் தவணைக்குத் தறப்பணி முடிய வேண்டும் என்று அதில் இருக்கிறது. மலையாளத்தில் தற என்றால் வீட்டின் அடித்தளம். நம் காதில் அது தரை என்று விழும். ‘தரை வேலை முடிஞ்சாத்தான் ஒன்னரை லட்சம்’ என்று யாரோ சொல்லி, அதுவே ஊர்ப் பேச்சாகிவிட்டது. பெல்ட் வரைக்கும் வேலை முடித்திருந்த ஒரு குடும்பம், உள்ளே மண் நிரப்பித் தரை போடப் பணம் இல்லையே என்று மூன்று மாதம் சும்மா இருந்தது. இன்னொரு குடும்பம் கடன் வாங்கித் தரைக்கு ஜல்லி கொட்டிவிட்டது. இரண்டு பேருமே அப்போதே தவணை கேட்டிருக்கலாம்.

கேரள ஆட்சிமொழிச் சட்டம் 1969-இன்படி, தமிழ்ச் சிறுபான்மையினர் அரசோடு தமிழில் எழுதலாம். அது தெரிந்தவர்கள் குறைவு, பயன்படுத்துகிறவர்கள் அதைவிடக் குறைவு. நாங்கள் ஒப்பந்தத்தை வரிவரியாகத் தமிழில் எழுதி, 11 வீட்டுக்கும் ஆளுக்கொரு பிரதி கொடுத்தோம். செலவு 66 ரூபாய் ஜெராக்ஸ். இந்த இரண்டு ஆண்டில் நாங்கள் செய்ததில் இதைவிடப் பலன் தந்த செலவு இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகள்

2020 ஜூலை முதல் வாரம் அயல்கூட்டம் கூடியது. 11 வீட்டையும் ஒரே நேரத்தில் நகர்த்த 6 லட்சத்துக்கு மேல் முன்பணம் வேண்டும். அது எங்கும் கிடைக்காது. இரண்டு இரண்டாகக் கட்டினால் 1,10,000 போதும். தவணை வந்ததும் அது திரும்பி வரும், அடுத்த இரண்டு வீட்டுக்குப் போகும். இதற்குச் சுழல்பணம் என்று பேர் வைத்தோம்.

அந்தப் பணத்துக்கு எங்கே போவது? ஊரடங்கு சமயத்தில் குடும்பஸ்ரீ வழியாக முதலமைச்சரின் சகாயஹஸ்தம் கடன் கிடைத்தது. ஒரு உறுப்பினருக்கு அதிகபட்சம் 20,000, வட்டியை அரசே கட்டும். இதில் எனக்குத் தயக்கம் இருந்தது. அது வயிற்றுக்குக் கொடுத்த பணம், செங்கல்லுக்குக் கொடுத்ததில்லை. கடைசியில், வீட்டில் ஒருவருக்காவது வாரக்கூலி வரும் பெண்கள் மட்டும், ஆளுக்கு 5,000-க்கு மேல் போகாமல் போடுவது என்று முடிவானது. 12 பேர் போட்டார்கள், 60,000. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் 40,000, தோப்புக்காரர் ஒருவர் 30,000, வட்டியில்லாமல் கொடுத்தார்கள். மொத்தம் 1,30,000.

கடையில் ரொக்கமாகப் பேசி, நான்கு வீட்டுக்கான கம்பியைச் சேர்த்து எடுத்தோம். கிலோ 48 ரூபாய். சென்ட்ரிங் பலகையை ஒரே செட்டாக வாடகைக்கு எடுத்து வீட்டுக்கு வீடு மாற்றினோம். மேல் கான்கிரீட்டில் ஓடு வைத்து நிரப்பிச் சிமென்ட்டைக் குறைக்கும் முறையையும், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய, சுவருக்குள் வெற்றிடம் விட்டுச் செங்கல்லைக் குறைக்கும் எலிப்பொறிக் கட்டு முறையையும் யோசித்தோம். இரண்டுமே நல்ல முறைகள். ஆனால் எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைத்த கொத்தனார்கள் இரண்டு பேருக்கும் அது பழக்கமில்லை. பழகும்போது ஒரு சுவரைப் பிரித்துக் கட்ட வேண்டி வந்தால் அந்தச் செலவைத் தாங்க எங்களிடம் பணம் இல்லை. விட்டுவிட்டோம்.

கடைசித் துண்டைக் குறைக்க, வெளிப்பூச்சு இல்லாமல் குடியேறுவது, உள்ளறைக் கதவுகளைப் பிறகு போடுவது என்று தீர்மானித்தோம். முதலாவதில் 38,000 தள்ளிப்போனது, இரண்டாவதில் 14,000. மீதி சுமார் 42,000-ஐ அயல்கூட்ட உள்கடனிலும் அண்ணன் தம்பி உதவியிலும் சமாளிக்க வேண்டும். புதிதாகக் குழுக் கடன் எடுப்பதில்லை, தாலிக்கொடியை அடகு வைப்பதில்லை என்று நோட்டில் எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

யார் முதலில்?

இதுதான் கடினமான கேள்வி. குலுக்கல் போடலாம் என்றார்கள் சிலர். தார்ப்பாய்க்கு அடியில் பள்ளிக்கூடம் போகும் மகளோடு இருந்த விதவைப் பெண்ணுக்குத்தான் முதலில் என்றார்கள் சிலர். அவருடைய மனையில் குழிகூடத் தோண்டவில்லை.

நான் கணக்கைக் காட்டினேன். கல் வேலை முடிந்த வீடுகளை முதலில் எடுத்தால் ஐந்து வாரத்தில் தவணை வரும், பணம் சீக்கிரம் சுழலும். அந்தப் பெண்ணின் வீட்டில் தொடங்கினால் குறைந்தது பத்து வாரம் முடங்கும். கூட்டம் என் கணக்கை ஏற்றுக்கொண்டது. அவரும் கையைத் தூக்கினார். “உங்க கணக்குப்படியே ஆகட்டுங்க, ஆனா மழை என் கணக்கைப் பாக்காதுங்க” என்று மட்டும் சொன்னார். அவர் வீடு ஏழாவது வரிசைக்குப் போனது.

நடந்தது

முதல் இரண்டு வீட்டுக்கும் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் 1,60,000 வந்தது. தவணை வந்த அன்றே அவர்கள் எடுத்த தொகையைத் திருப்பிக் கட்டினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு நம்பிக்கை வந்தது. செப்டம்பரில் நான்கு வீடுகள் ஓடின.

அதே ஆகஸ்ட் மாத மழையில் தார்ப்பாய்க் குடிசை சாய்ந்தது. மூடிக் கிடந்த அங்கன்வாடியில் 19 நாள் தாயும் மகளும் தங்கினார்கள். பிறகு ஆனைமலைப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனார்கள். நடுவில் எல்லை. தன் வீட்டுக் கட்டுமானத்துக்கான தொழிலுறப்பு நாட்களை அவர் பதிவு செய்ய முடியாமல் போனதில் அந்தக் கூலியில் பாதிக்கு மேல் இழந்தார்.

நவம்பரில் உள்ளாட்சித் தேர்தல் அறிவிப்பு வந்தது, டிசம்பர் 10 பாலக்காட்டில் வாக்குப்பதிவு. பரிசோதிக்க வேண்டிய அலுவலர்கள் தேர்தல் வேலையில். லிண்டல் முடிந்த இரண்டு வீட்டுக்குப் பரிசோதனையே ஐந்து வாரம் தாமதமானது, சுழல்பணமும் அதோடு நின்றது. அரசிடமும் பணம் நெருக்கடியாகத்தான் இருந்தது. ஏப்ரலில் தொடங்கி ஐந்து மாதம், மாதத்துக்கு 6 நாள் சம்பளத்தை ஊழியர்களிடம் நிறுத்தி வைத்த ஆண்டு அது. அலுவலகத்தில் யாரும் எங்களை வேண்டுமென்று அலைக்கழிக்கவில்லை.

2021 ஜனவரியில் கம்பி கிலோ 62 ரூபாய். மார்ச்சில் கோவை தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைகள் மூடப்பட்டதும் சேம்பர் செங்கல் விலை ஏறியது, லோடுக்கு மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசி மூன்று வீடுகளுக்குச் செலவு 6 லட்சத்தைத் தாண்டியது. அதில் ஒன்று அந்தப் பெண்ணுடையது. பிப்ரவரியில் தொடங்கிய அவர் வீடு, மே 8 அன்று கேரளத்தில் இரண்டாவது ஊரடங்கு வந்தபோது லிண்டலில் நின்றது. முதலில் கட்டியவர்களுக்கு அவரைவிட 70,000 ரூபாய் குறைவாகச் செலவானது. என் கணக்கில் இந்த வரி இல்லை.

தங்கமும் குழுக் கடனும்

நோட்டில் கையெழுத்துப் போட்டும் இரண்டு குடும்பங்கள் நகையை அடகு வைத்தன. அவர்களைக் குறை சொல்ல முடியாது. 2020 ஆகஸ்டில் தங்கம் 10 கிராம் 56,000 ரூபாயை ஒட்டிப் போனது. அதே மாதம் ரிசர்வ் வங்கி, நகை மதிப்பில் 75 சதவீதம் வரை தந்துவந்த கடனை 90 சதவீதம் வரை தரலாம் என்று 2021 மார்ச் 31 வரைக்கும் தளர்த்தியது. அதே சங்கிலிக்குக் கூடுதல் பணம் என்றால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

2021 மார்ச்சில் தங்கம் 45,000-க்குப் பக்கம் இறங்கியது. தளர்வும் முடிந்தது. வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்லி வங்கியிலிருந்து இருவருக்கும் கடிதம் வந்தது. ஒருவர் ஆட்டை விற்றுக் கட்டினார். இன்னொருவரின் மூன்றரைப் பவுன் சங்கிலி ஏலத்துக்குப் போனது. அவர் வீடு முடிந்தது. திறப்புக்குக் கழுத்தில் மஞ்சள் கயிறோடு நின்றார்.

குழுக் கடன் இன்னும் மோசமாகப் போனது. 11 குடும்பங்களில் 7-க்கு ஏற்கெனவே வாரக் கடன் இருந்தது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கடன் தவணையைத் தள்ளிப்போடத் தந்த மாரட்டோரியத்தைத் தள்ளுபடி என்று பலர் நினைத்துக்கொண்டார்கள். வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் வசூல்காரர்கள் வந்தபோது, மூன்று கடன் வைத்திருந்த ஒரு குடும்பம் நிலைகுலைந்தது. கணவனுக்கு மில் வேலை போயிருந்தது. அவர்கள் லிண்டல் தவணை 1,60,000-ஐ வாங்கி, அதில் பெரும்பகுதியைக் குழுக் கடனில் கட்டிவிட்டு 2021 பிப்ரவரியில் திருப்பூருக்குப் போய்விட்டார்கள். என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தடுத்திருப்பேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

2022 மார்ச் நிலவரம்

9 வீடுகள் முடிந்தன. ஒருவர் அண்ணனோடு மனைத் தகராறில் பாதியில் விலகி, முன்பணத்தைத் திருப்பிக் கட்டினார். ஒன்று லிண்டலில் நிற்கிறது. முடிந்த வீடுகளின் சராசரிச் செலவு 5,70,000. சுழல்பணம் 1,30,000-உம் கொடுத்தவர்களிடம் முழுசாகத் திரும்பியது. ஆசிரியை தன் 40,000-ஐ அயல்கூட்டத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்.

வெளிப்பூச்சு இல்லாமல் குடியேறியதில் ஒரு தவறு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஜூன், ஜூலையில் மேற்குக் காற்று மழையைச் சுவரில் அறையும். அப்போது குடியேறியிருந்த எல்லா வீட்டிலும் மேற்குச் சுவர் உள்ளே வரை ஓதம் ஏறியது. ஒரு வீட்டில் ஒயரிங் பெட்டி நனைந்து கரண்ட் போனது. அடித்தளத்தில் மட்டும் எங்கும் விரிசல் இல்லை. அதில் ஒரு ரூபாயும் மிச்சம் பிடிக்காதது சரியான முடிவு.

இன்று செய்தால்

எல்லா மனையிலும் ஒரே நேரத்தில் குழி தோண்ட விடமாட்டேன். திறந்து கிடந்த 5 குழிகளும் ஜூன் மழையில் சரிந்தன. மறுபடி தோண்ட வீட்டுக்கு 7,000 ஆனது. கையில் அடித்தளம் முடிக்கும் பணம் இருந்தால்தான் மண்வெட்டி வைக்க வேண்டும்.

வரிசையைப் பொறுத்தவரை, இரண்டு இரண்டாக எடுக்கும்போது ஒன்று வேகமாகப் பணம் திருப்பும் வீடு, இன்னொன்று தலைக்கு மேல் கூரை இல்லாத வீடு என்று சேர்த்திருக்க வேண்டும். நோட்டை வைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். சுழற்சி மொத்தமாக ஆறு வாரம் தாமதமாகியிருக்கும், அவ்வளவுதான். அந்தப் பெண் கம்பி 48 ரூபாய் விற்றபோதே கட்டியிருப்பார். மகளும் ஊரிலேயே இருந்திருப்பாள்.

மேற்குச் சுவரை மட்டும் பூசிவிட வேண்டும், 9,000 ரூபாய் வேலை. தொடங்கும் முன்பே ஒவ்வொரு வீட்டின் பழைய கடன் அட்டைகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். மூன்று குழுக் கடன் உள்ள வீட்டுக்கு, தவணைப் பணம் கைக்கு வராமல் கடைக்கும் கொத்தனாருக்கும் நேராகப் போகும்படி அவர்களே சம்மதித்து எழுதித் தந்தால்தான் வேலையைத் தொடங்க வேண்டும். அது அவர்களைச் சந்தேகிப்பதாக ஆகுமோ என்று அப்போது கூச்சப்பட்டேன். வாசலில் நிற்கும் வசூல்காரனிடம் இல்லை என்று சொல்ல அவர்களுக்கு அந்தத் தாள் உதவியிருக்கும்.

லிண்டலில் நிற்கும் வீட்டில் நீட்டிய கம்பிகள் துருப்பிடித்துவிட்டன. தவணைப் பணத்தைத் திரும்பக் கேட்டுப் பஞ்சாயத்து அனுப்பிய நோட்டீஸ், கதவே இல்லாததால் நிலைச்சட்டத்தில் ஒட்டியிருந்தது. இன்றைய விலையில் அதை முடிக்க 3,10,000 வேண்டும், வர வேண்டிய தவணை 40,000 மட்டுமே. அந்தக் குடும்பம் பொங்கலுக்கு வந்து சுவரைச் சுற்றி முளைத்த புல்லைப் பிடுங்கிவிட்டுப் போனதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். ஆசிரியையின் 40,000-ஐ அதற்குப் போடலாமா என்று அடுத்த கூட்டத்தில் பேச இருக்கிறோம்.